பொருத்தம் எதனோடு?

மாணவருக்குப் பொருத்தமான பாடசாலையைத் தெரிந்தெடுக்க உதவுவது ஆசிரியர் கடமை என்பர். நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இச்சொல்லுக்குப் பொருள் யாது? ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் பாடசாலைகள் பல. உயர்தரம் இருப்பினும் கலையும் வர்த்தகமும் மட்டுமே கற்பிப்பன சில. கணிதத்தில் வல்ல சிறுமியொருத்தி அங்கே கலைப்பிரிவிற் சேர்ந்தால், அதுவே அவளுக்குப் பொருத்தம் என்கிறார்கள். பொருந்தியது அவளுடைய அறிவோடா, தாயின் நாட்சம்பளத்தோடா, பஸ் வரும் நேரத்தோடா?

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அத்தாமதத்தின் சுமை இன்னும் இறங்கவில்லை. பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானத் துறைகளில் பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. நுவரெலியா அதில் அடங்கும். நாவலப்பிட்டி அமைந்த கண்டி மாவட்டம் அடங்காது. ஆகவே இங்குள்ள லயத்துப் பிள்ளை கண்டி நகரின் பெருங்கல்லூரிகளோடு போட்டியிட வேண்டியவளாகிறாள்.

'கைக்கு எட்டுவதைப் படி' என நல்லெண்ணத்துடன் கூறும் ஆசிரியர், சமுதாயத்தின் குறையைப் பிள்ளையின் விருப்பமாக்கிவிடுகிறார். என்ன கற்க விரும்புகிறாய் என்பதே நாம் முதலிற் கேட்க வேண்டியது. விடை விஞ்ஞானமாயின், விடுதி பற்றியும் பயணச் செலவு பற்றியும் பெற்றோரோடும் தொழிற்சங்கத்தோடும் பேசுவதும், அப்பிரிவை அண்மையிலே திறக்குமாறு கல்விப் பணிமனையை வற்புறுத்துவதும் நம் வேலையே.