தேய்வதற்கென்றே செய்தது

மாஸ்டா 1967 முதல் 1972 வரை காஸ்மோ ஸ்போர்ட் காரை மொத்தம் 1,176 மட்டுமே செய்தது. அதில் ஒன்றை வாங்கி, ஏசி போட்ட கராஜில் பூட்டி, ஓடோமீட்டரில் ஒரு எண்கூட நகராமல் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தக் காரைக் காப்பாற்றுகிறாரா?

ஆமாம் என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். ஆனால் அதன் எஞ்சினைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். பிஸ்டன் கிடையாது. இடுப்பில் லேசாகக் கிள்ளிய முட்டை மாதிரியான ஒரு கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள். ஏபெக்ஸ் சீல் என்பார்கள். சுவரை உரசிக்கொண்டே வாயுவை அடைத்து வைப்பது அவைதான். ஆரம்பத்தில் அந்த உரசலில் சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் கைகொடுத்தது அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல். சுவரைக் கிழிக்காமல், தான் மெல்லத் தேயும் பொருள். அந்த சீலுக்காக எஞ்சின் தன் எண்ணெயையே கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கவும் செய்யும். கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி.

செய்து முடித்ததும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. 1968இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரப் போட்டிக்கு இரண்டு கார்களை அனுப்பினார்கள். ஒன்று நான்காவதாக வந்தது.

சும்மா நிறுத்தினால் தேயாதே என்றால், அதுவும் இல்லை. ரப்பர் வளையங்கள் இறுகும், சீல்கள் தம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஓட்டினாலும் குறையும், ஓட்டாவிட்டாலும் குறையும். நான் எழுதும் மென்பொருளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒரு எழுத்து தேயாது. அதனால்தானோ என்னவோ, இந்த எஞ்சின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

"அடுத்த தலைமுறைக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் பூட்டிய கராஜிலிருந்து அவர்களுக்கு என்ன போய்ச்சேரும்? உருவம் போய்ச்சேரும். அது ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வண்டி ஓடினால்தான் அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு வேலை இருக்கும், அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு பையன் இருப்பான். சத்தத்தை வைத்தே எந்த சீல் போய்விட்டது என்று சொல்கிற காது புத்தகத்தில் வராது. பூட்டிவைப்பவர் உண்மையில் காப்பாற்றுவது விலையை. அதில் தப்பில்லை, காசு அவருடையது. பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒரு வளைவில் மோதினால் 1,176இல் இன்னொன்று போய்விடும். அந்த இழப்பு அவருடையது, பேசுவது மட்டும்தான் என்னுடையது. அதை ஒப்புக்கொண்டுதான் ஓட்டச் சொல்கிறேன். ஓட்டவே மாட்டேன் என்பவர் ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளாவது சுற்றி நின்று பார்ப்பார்கள்.