காதுக்கு நூறு, வாய்க்கு நாலு

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் எதை எடுத்தாலும் இடியம்ஸ் பட்டியல் ஒன்று இருக்கும். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' அதில் கட்டாயம் உண்டு. பெருமழை என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் ஒரு நூல் வெளியிட்டார். கனவான்களும் சீமாட்டிகளும் விருந்துகளில் தேய்ந்த தொடர்களையே மாற்றி மாற்றிப் பேசி அறிவாளிகளாகக் காட்டிக்கொள்வதைக் கிண்டல் செய்யும் உரையாடல்கள் கொண்டது அது. நம் பூனையும் நாயும் அந்தக் கிண்டலுக்குள் இருக்கின்றன!

ஆங்கில மரபுத்தொடர்களைப் பேச்சில் சேர்த்தால் மொழி கைவந்துவிட்டதாக நினைக்கிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. மரபுத்தொடர் மொழியறிவைவிட உறவையே அதிகம் காட்டுகிறது. யாரிடம், எந்த நேரத்தில், எவ்வளவு உரிமையோடு பேசுகிறோம் என்பது அதில் தெரிந்துவிடும். தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் துக்க வீட்டுக்கு வந்து, "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே" என்று பணிவாகக் கேட்டால் எப்படி இருக்கும்? இலக்கணத்தில் குறையில்லை, உச்சரிப்பும் சுத்தம். ஆனாலும் வீடே திகைத்து நிற்கும். 'கிக் த பக்கெட்' ஆங்கிலத்தில் அதே எடை கொண்டது. பட்டியலில் அதற்கு எதிரே 'இறந்துபோதல்' என்று மட்டும் போட்டிருக்கும். எடையைப் போட்டிருக்காது.

'அண்டர் த வெதர்' என்பதும் அப்படித்தான். சளி, தலைவலி, ஒருநாள் சோர்வுக்குச் சொல்லலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரைப் பற்றிச் சொன்னால், நோயை அலட்சியப்படுத்தியது போலாகும்.

இந்தத் தொடர்களுக்கு ஊரும் உண்டு. பேஸ்பால் மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காத நம் அலுவலகங்களில் நாள் முழுக்க 'பால்பார்க் ஃபிகர்' கேட்கிறார்கள். உத்தேசக் கணக்கு என்று அர்த்தம். அமெரிக்க வாடிக்கையாளர் வழியாக வந்தது. பதிலுக்கு நாம் சிக்கலான நிலைமையைக் கிரிக்கெட்டிலிருந்து எடுத்து 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் அதே வாடிக்கையாளர் விழிக்கலாம். ஆட்டம் தெரியாதவருக்கு அந்த ஆடுகளத்தின் தொல்லை எப்படித் தெரியும்?

ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்குள்ளும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் பற்றிய தன் நூலில் சர்ச்சில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு விஷயத்தை அவசரமாக விவாதிக்க விரும்பி, அதை 'டேபிள்' செய்யலாம் என்றார்கள். அமெரிக்க வழக்கில் அதற்கு ஒத்திப்போடுவது என்று அர்த்தம். அதனால் அமெரிக்க அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றே என்று புரிந்தது.

அப்படியானால் இடியம்ஸ் படிக்கவே வேண்டாமா? படிக்கத்தான் வேண்டும், முதலில் காதுக்காக. மேலாளர் 'டச் பேஸ்' என்றால் பிறகு தொடர்புகொண்டு பேசலாம் என்கிறார், 'பைட் த புல்லட்' என்றால் கசப்பான முடிவைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுவோம் என்கிறார் என்று உடனே பிடிபட வேண்டும். வாய்க்கு வரும்போது சிக்கனம் நல்லது. ஒரு தொடரை உயிருள்ள பேச்சில் இரண்டு மூன்று முறையாவது கேட்ட பிறகு சொல்லுங்கள். யார் யாரிடம் சொன்னார், கேட்டவர் முகம் எப்படி இருந்தது என்பதையும் கவனியுங்கள். சொல்லும்போது ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். 'பீஸ் ஆஃப் கேக்' சுலபமான வேலையைக் குறிக்கும், 'ஸ்லைஸ் ஆஃப் கேக்' என்றால் வெறும் கேக்தான். நேர்காணலிலும் மன்னிப்புக் கேட்கும் இடத்திலும் துக்கத்திலும் நேரான எளிய ஆங்கிலமே கௌரவம். ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல்லும் 1946இல் எழுதிய கட்டுரையில், அச்சில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன உருவகங்களைத் தவிர்க்கச் சொன்னார். அவர் சொன்னது ஆங்கிலேயர்களுக்கே.

எதிரில் இருப்பவர் சொன்ன தொடர் புரியவில்லையா? தலையாட்டி வைக்காதீர்கள். "வாட் டூ யூ மீன் பை தட்?" என்று கேட்டுவிடுங்கள். பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கேள்வி அதிகம் உதவும்.