எடுக்க வேண்டியதை எறிந்தோம்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘நம் முன்னோர் முட்டாள்கள் அல்லர்’ என்று மார்தட்டுகிறோம். உண்மைதான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்றதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்று நாம் அறிவைக் கொண்டு பார்த்தோமா?

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பழைய வீடு ஒன்றில் மழை பெய்யும்போது நின்று பாருங்கள். ஓட்டுச் சரிவுகளில் விழும் நீர் நாலு பக்கமிருந்தும் முற்றத்துக்கு வருகிறது. வேண்டியதை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் முற்றத்துத் துவாரத்தில் இறங்கி, கால்வாய் வழியே தெருவைத் தாண்டி ஊருணிக்குப் போகும். கோடையில் அதே முற்றம் வெப்பக் காற்றை மேலே விட்டு வீட்டைத் தணிக்கும். தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலை உள்ளே விடாது. இதில் தெய்வ அருள் ஏதுமில்லை. சூடான காற்று மேலே போகும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்ற எளிய இயற்பியலைத் தெரிந்து கட்டினார்கள்.

கணக்கும் எளிதுதான். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரை ஒன்றின்மேல் மட்டும் 80,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. இதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை வீடுகளில் சேகரிப்புத் தொட்டி இன்று குப்பையும் மண்ணும் மூடிக் கிடக்கிறது!

புதுவீடு கட்டுகிறவர் முதலில் யாரைக் கூப்பிடுகிறார்? வாஸ்து பார்ப்பவரை. மனை எந்தப் பக்கம் சரிந்தாலும் ஈசானிய மூலையில்தான் தொட்டி வேண்டுமாம். தண்ணீருக்கு ஈசானியமும் தெரியாது, கன்னி மூலையும் தெரியாது. பள்ளம் ஒன்றுதான் தெரியும். முற்றத்தை மூடி, கண்ணாடி மாட்டி, ஏசி வைத்து, அதற்கும் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம். இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள் என்று பெருமைப்படுகிறோம். தூண் விற்றுப்போகிறது, கால்வாய் தூர்ந்துபோகிறது, மூடநம்பிக்கை மட்டும் கெட்டியாக நிற்கிறது.

நாம் பத்திரமாக வைத்திருக்கும் இன்னொரு சொத்தும் உண்டு. அதுதான் சாதி. ஊருணிக்கு நீர் போன பாதையை வியக்கிறவர்கள், அந்த நீர் யார் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அன்று பொதுக்குளம் என்றால் சேரிக்கு அது பொது இல்லை. செட்டிநாட்டின் பெரும்பகுதி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில்தான் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டுக்கு வெளியேயும் இதே கதைதான்: மகாராட்டிரத்தின் மகாடில், பொதுக்குளத்து நீரை ஒரு கை அள்ளிக் குடிக்க அம்பேத்கர் 1927இல் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது.

அந்தச் சாதிதான் இன்று மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குகிறது. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் சாவு நிற்கவில்லை. சாகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதி என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ‘பசுமை நகரம்’, ‘ஸ்மார்ட் சிட்டி’ என்று எந்தப் பெயரை வைத்தாலும் சரி, ஒரு மனிதர் மூச்சடக்கி மலக்குழியில் இறங்கினால்தான் இயங்கும் என்றால், அது நகரமே இல்லை. மரம் நட்டு அந்த நாற்றத்தை மறைக்க முடியாது.

சிலரை ஒதுக்கும் இந்த மனத்துக்கு மாற்று உண்டு என்பதற்கும் காரைக்குடியிலேயே சான்று இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைய வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஒருவர் ஈட்டிய செல்வம் எல்லாருக்குமான அறிவாக மாறியது. எதிர்கால நகரத்துக்கு வேண்டிய மனம் அதுவே.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி அது எப்படி வளரும் என்பதை ராசிபலன் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தெரு மழைநீர் எந்த ஊருணிக்குப் போகிறது? அந்த ஊருணியின் கரையில் எல்லாத் தெருக்காரர்களுக்கும் சம உரிமை உண்டா? எங்கள் கழிவை அகற்ற யாராவது உள்ளே இறங்குகிறார்களா? பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.