தன்பணியும் பிறர் ஏவலும்

மக்கட்பிறவி கிடைத்தற்கரியது என்பதனை அறியாதார் இலர். அறிந்திருந்தும், அப்பிறவியாற் செய்துகொள்ளற்பாலதாகிய பயனை நாடோறும் மறுநாளைக்கு ஒதுக்கிவைப்பாரே பலர். காரணம் வினவின், சோம்பல் என்று அவர் கூறார். பிறர் இட்ட வேலை ஒழியவில்லை என்பர். காலையில் ஒருவர் விண்ணப்பம் எழுதித்தர வேண்டுவர். நண்பகலில் மற்றொருவர் வழக்குத் தீர்க்க அழைப்பர். மாலையில் உறவினர் வீட்டுச் சடங்கு வந்து நிற்கும். இரவில் நூலை விரித்த அளவிலே கண் துயிலும். இங்ஙனம் ஆண்டுகள் பல கழிகின்றன. இது பரோபகாரமாகுமா என்பது ஆராயத்தக்கது.

உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன் நிறம்போலக் காட்டும். எக்காலமும் பிறர் விருப்பங்களையே சார்ந்து நிற்கும் உயிர் அவ்விருப்பங்களின் நிறத்தையே ஏற்கும். அவை பலவும் தம்முள் மாறுபட்டனவும் ஆதலின், எந்நிறமும் அதன்கண் நிலைபெறாது. இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் உயிர்க்கு உரிய ஆற்றல்கள். ஆணவத்தால் மறைப்புண்ட அவற்றை ஒருவாற்றான் விளக்குதற்கே கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்களை இறைவன் கூட்டியருளினான். அவற்றோடு காலம் என்னும் தத்துவத்தையும் உடன் வைத்தான்; வினைநுகர்ச்சியை அது எல்லைப்படுத்தும். ஆற்றலையும் தந்து எல்லையையும் வைத்தது, அவ்வெல்லைக்குள் உயிர் தன் உறுதியை நாடவேண்டும் என்பதற்கே அன்றோ?

இவ்விடத்துத் திருநாளைப்போவார் வரலாறு நினைக்கற்பாலது. நாளை என்னும் சொல்லையே திருப்பெயராகப் பெற்றவர் அவர். ஆதனூரில் தோன்றிய அவர், தில்லைக்கூத்தனைக் காணும் வேட்கை மிக்கும், தம் பிறப்பு நிலையை எண்ணி அஞ்சி, நாளைச் செல்வேன் என்று பன்னாள் கழித்தார் எனச் சேக்கிழார் கூறுவர். 19ஆம் நூற்றாண்டிற் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரோ, வயல்வேலையைக் காட்டி விடை தர மறுக்கும் ஆண்டை ஒருவரையும் அக்கதையுட் கொணர்ந்தார். சேக்கிழார் நூலில் அவ்வாண்டை இல்லை. ஒன்றில் உலகம் விதித்த வேலி. மற்றொன்றில் ஒரு மனிதரின் ஏவல். இரண்டும் பிறர் இட்ட தடைகளே. அடிகளார் தாழ்த்தது அவர்தம் குற்றம் அன்று. அவரைத் தாழ்க்கச் செய்த உலகின் குற்றமாம். அத்தனை தடை நின்றும், வேட்கை பொறுக்கலாற்றாத நிலை வந்தவுடன் அவர் புறப்பட்டார். அத்தகைய தடை ஒன்றும் இல்லாதார், நாளை நாளை என்று இருத்தற்கு என்ன விடை கூறுவர்?

அற்றேல், பிறர் வேண்டியதைச் செய்தலன்றோ தொண்டு. நாயன்மார் பலரும் கேட்டதைக் கேட்டவாறே கொடுத்தனரே எனின், அது பொருந்தாது. இளையான்குடி மாறனார் மழை பெய்யும் நள்ளிரவிலே வந்த விருந்தினருக்காக, விதைத்த நெல்லை வாரி வரச் சென்றார். அடியாரை அமுது செய்வித்தலே அவர் தமக்கெனக் கொண்ட குறிக்கோள். வந்தவர் பசியால் அவர் பணி தடைப்படவில்லை, நிறைவேறிற்று. அதனாலன்றோ விடியட்டும் என்று அவர் காத்திராமற் சென்றார்! இக்காலத்துப் பலர் பிறர் பணி செய்வது அன்பினால் அன்று. மறுத்தால் முகம் கோணுவரே என்னும் அச்சத்தினாலேயாம். முகதாட்சிணியம் வேறு, தொண்டு வேறு. செய்தபின் உள்ளம் நிறையின் அது தொண்டு. உள்ளே மனக்கசப்பு நிற்பின் அது தாட்சிணியம் என்று அறிக.

மறுத்தற்கும் இசைதற்கும் உரிய முறையைத் திருநாவுக்கரசர்பாற் காணலாம். பல்லவ மன்னன் கட்டளையோடு அமைச்சர் வந்தபோது, தாம் எவர்க்கும் ஆட்பட்டவர் அல்லர் என்பது தோன்றத் திருத்தாண்டகம் அருளி அவர் மறுத்தார். அவ்வமைச்சரே அடிவணங்கி வேண்டியபோது, வருவனவற்றிற்கு இறைவன் உளன் என்று உடன் செல்ல இசைந்தார். கட்டளைக்கு அசையாதவர் வேண்டுகோளுக்கு இரங்கினார். மறுப்பிற் சினம் இல்லை. இசைவில் அடிமையும் இல்லை. உடன்சென்ற காலத்தும் தம் தலைவன் யாவன் என்பதை அவர் மறந்தாரல்லர்.

அத்துணை உறுதி எல்லார்க்கும் எளிதில் வாராது என்பதனை உணர்ந்தே, பெரியோர் ஆன்மார்த்த பூசையை விதித்தனர். அது தீக்கை பெற்றார் தத்தம் பொருட்டுத் தாமே செய்வது. உண்பதற்கு முன் நாடோறும் செய்யப்படுவது. அவ்வேளையில் வாயிலில் வந்தவர் திண்ணையிற் காத்திருப்பர்; அதனாற் பகை கொள்வாரும் இலர். நாளின் தலைப்பகுதியைத் தன் உறுதிக்கு வைத்துவிட்டால், எஞ்சிய பொழுதைப் பிறர்க்கு மனமுவந்து அளித்தல் கூடும். எஞ்சிய பொழுதைத் தன் உறுதிக்கு வைப்போம் என்பார்க்கோ பொழுது எஞ்சுவதே இல்லை. கல்வி, கலை முதலிய நற்குறிக்கோள் எதற்கும் இம்முறையே ஒக்கும்.

ஏவுவாரும் ஈண்டு ஒன்று கருதுதல் வேண்டும். வீட்டில் அடுக்களையை விட்டு அகல ஒழியாத மனைவியும், ஓயாது ஏவப்படும் பணியாளும், பெற்றோர் விருப்பத்தையே தம் விருப்பமாகக் காட்ட நேர்ந்த மக்களும் வாய்திறந்து மறுக்க வல்லார் அல்லர். அவர்க்கும் ஒரு தில்லை உண்டு. அவரை விடியல்தோறும் நாளை என்று சொல்லவைப்பவர், தாம் அறியாமலே அக்கீர்த்தனையின் ஆண்டை ஆகின்றார். ஆதலின், தன் பணியை இன்றே தொடங்குக. பிறர் தம் பணியைத் தொடங்கவும் இன்றே வழிவிடுக.

திருச்சிற்றம்பலம்.