பக்குவமும் பள்ளி ஆசிரியரும்

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் பேசத் தொடங்குமுன்பே, அவற்றைக் கற்பிக்கத் தக்கவர் யார் என்பதைப் பாயிரத்தில் வரையறுத்துவிடுகிறார். அவ்வரையறையில் குலம் முதலில் நிற்கிறது. அதை இன்று நாம் ஒப்புவதற்கில்லை. ஆனால் அதற்கு அடுத்தபடியாக, கலைகளில் பயின்ற தெளிவுக்கும், கற்றதைப் பிறர் மனத்தில் பதியுமாறு எடுத்துரைக்கும் வன்மைக்கும் முன்னதாக, அருளை அவர் வைத்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கல்வியை வழங்க வந்தவருக்குக் கல்வியைக் காட்டிலும் அருள் எதற்கு முற்பட வேண்டும்?

விடை தேடி அதே பாயிரத்தில் மேலே படித்துச் செல்பவன் சற்றுத் திகைப்படைவான். தன் மகன், ஆசானுடைய மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்ன மாத்திரத்தில் கொள்பவன் ஆகியோருக்கு நூலைச் சொல்லலாம் என்று விதிக்கும் அந்நூல், சோம்பேறிக்கும் பிணியாளனுக்கும், சினமுடையவனுக்கும் தூங்குகிறவனுக்கும், மந்தபுத்தி உடையவனுக்கும் அதைச் சொல்லலாகாது என்று விலக்கியும்விடுகிறது. அருளாளர் பிணியாளனைப் பார்த்துக் கதவைச் சாத்துவாரா என்று கேட்கத் தோன்றுகிறது. முனிவர்மீது குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. வித்தைக்கு அதிகாரியானவனுக்கே வித்தையை உபதேசிக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சாஸ்திரங்கள் பலவற்றுக்கும் பொதுவான கொள்கை. பக்குவம் மாணவனுடைய பொறுப்பாகவும், அதை அறிந்து வழங்குவது ஆசிரியனுடைய பொறுப்பாகவும் அன்று வகுக்கப்பட்டிருந்தன.

இக்கொள்கையின் மேன்மையான உருவத்தைச் சைவ சித்தாந்தத்தில் காணலாம். சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரப்படி, ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்து கிடக்கும் உயிருக்கு இறைவனே குருவடிவாக வந்து அதன் உண்மை நிலையை உணர்த்துகிறான். ஆனால் அவ்வுயிர் தவத்தால் பக்குவம் எய்திய பிறகே வருகிறான். திருவெண்ணெய்நல்லூரில், சகலாகம பண்டிதர் எனப் பேர்பெற்ற அருணந்தி, தம்மைவிட வயதில் மிகச் சிறியவரான மெய்கண்டாரிடம் ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று கேட்க, அவர் வாய் திறவாமல், செருக்கோடு நின்றிருந்த அருணந்தியையே சுட்டிக் காட்டினார் என்பர். அந்த ஒரு சைகையில் பண்டிதர் சீடரானார். எனக்கு இந்த வரலாற்றில் எப்போதும் எழும் கேள்வி வேறொன்று. ஒரு சைகையைப் பொருள் செய்துகொள்ளும் அளவுக்கு அருணந்தியைப் பண்படுத்தியவர்கள், அதாவது ஆகமங்களைப் பாடம் சொன்னவர்களும், அதற்கும் முன்னே மணலில் அவர் விரலைப் பிடித்து எழுத்தைக் கற்பித்தவரும், யாவர்? பரம்பரைக் கதை அவர்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்த பின்பு, அந்தப் பெயரற்றவருடைய வேலையே ஆசிரியரின் முழு வேலையாகிவிட்டது. பாயிரம் விலக்கிய பிணியாளனும் தூங்குகிறவனும் மந்தனும் இன்று சட்டப்படியும் தர்மப்படியும் அவருடைய மாணவர்கள். அவர்களுள் தூங்குகிறவனைப் பற்றி நம்முடைய மாநிலத்துக்கு ஓர் உண்மை விளங்கியிருந்தது: பல வேளைகளில் அவன் பசியால் சோர்ந்தவனே. 1956இல் காமராஜர் அரசு மதிய உணவுத் திட்டத்தைப் பள்ளிகளில் பரப்பியபோது, நன்னூல் கதவடைத்த ஒருவனுக்குச் சோற்றைக் கொண்டு கதவைத் திறந்தது என்று சொல்லலாம். சோறு போட்டு விழிக்கச் செய்தவனை விளங்கவும் செய்யவேண்டியவர் ஆசிரியர். பக்குவம் வரட்டும் என்று காத்திருக்கும் உரிமை குருவுக்கு உண்டு. இவருக்கு இல்லை, ஏனெனில் பக்குவத்தை உண்டாக்குவதற்கே இவர் இருக்கிறார்.

ஆகையால் குருவோடு பள்ளி ஆசிரியரை ஒப்பிட்டுப் புகழ்வது, கேட்க இனிதாயினும், பொருத்தமன்று. அவருக்குப் பொருத்தமான உவமையைச் சித்தாந்தத்திலேயே வேறிடத்தில் தேடவேண்டும். பக்குவமடையாத உயிரை அதன் மலங்களோடு பொருந்தி நின்று உலக அனுபவங்களில் செலுத்தி, அவற்றின் வழியாகவே அதை மெல்ல முதிரச் செய்யும் சக்தி ஒன்றைத் திரோதானம் என்று கூறுவர். அது இறைவனுடைய அருளேயாயினும் அருளாகத் தோன்றுவதில்லை. மலங்களைத் தொழிற்படுத்தி நிற்பதால், ஐந்து மலங்கள் என எண்ணும் இடத்து அதையும் ஒரு மலமாகவே எண்ணிவிடுகிறார்கள். வாய்ப்பாட்டையும் எழுத்துப்பிழையையும் கையெழுத்துப் பயிற்சியையும் ஓயாமல் வற்புறுத்தும் ஆசிரியரை, கணக்கின் துன்பத்தோடு சேர்த்து ஒரு துன்பமாகவே சிறுவன் எண்ணுவதும் இவ்வாறுதான். முதிர்ந்தபின் அதே சக்தி அருட்சக்தியாக விளங்கும் என்பது சாஸ்திரம். பள்ளியிலோ, அந்த முதிர்ச்சி வருவதற்குள் சிறுவன் வேறு வகுப்புக்கும் வேறு ஊருக்கும் போய்விடுகிறான். நன்னூலார் கல்விக்கு முன்னே அருளை வைத்ததற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குவதுபோல் இருக்கிறது. கல்வி மட்டும் உடையவர் நன்றாகக் கொள்கிற மாணவனிடத்தில் மகிழ்ந்துவிடுவார். அருளாகக் கருதப்படாமலே அருள் செய்துகொண்டிருப்பதற்குக் கல்வி போதாது.

இந்த உவமையை ஓர் எல்லைக்குமேல் கொண்டுசெல்வது ஆபத்து. அடிப்பதும் கருணையே, அதை மறக்கருணை என்று சாஸ்திரமே சொல்கிறது என வாதிடும் ஆசிரியர்களை நாம் அறிவோம்; திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டம் என்னும் கொடிய தண்டனைக்கும் இப்படி ஒரு சமாதானம் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் துன்பத்தின் வழியே உயிரை முதிர்விக்கும் சக்தி, அவ்வுயிரின் வினையை முற்றாக அறிந்த சக்தி. ஆசிரியரோ, எதிரே தலைகுனிந்து நிற்கும் பையன் நேற்றிரவு சாப்பிட்டானா என்பதைக்கூட அறியாதவர். முற்றறிவு இல்லாதவருக்கு மறக்கருணை செய்யும் அதிகாரம் கிடையாது. அதற்குப் பதிலாக அவர் செய்யக்கூடியது விசாரித்து அறிவதுதான்: பாடம் வராத காரணம் கண்ணிலா, காதிலா, வயிற்றிலா, வீட்டிலா, அல்லது தாம் சொன்ன முறையிலேயேவா என்று, சலிப்பின்றி, ஒவ்வொரு பிள்ளையிடத்தும்.

கடைசியாகச் சொன்ன காரணத்தைத் தம்மிடத்திலேயே தேடுவதற்கு, தாமும் ஒருகாலத்தில் அறியாதவராக இருந்த நினைவு அவருக்கு மங்காமல் இருக்கவேண்டும். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள், தண்டியலங்காரத்தைப் பாடம் கேட்பதற்காக, திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசியின் பின்னே சென்று, அவருடைய மனம் கோணாமல் நடந்து, அதைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் சைவர், கிறிஸ்தவர், முகம்மதியர் என்ற பேதமின்றிப் பலருக்கும் பொருள் கருதாமல் பாடம் சொன்ன அவருடைய தாராளத்துக்கும், கற்பதற்கு அப்படி அலைந்ததற்கும் சம்பந்தம் உண்டென்றே நம்புகிறேன்.

அத்தகைய பெருந்தகையிடத்தும் ஒன்று நிகழ்ந்தது. 1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த சாமிநாதையர், அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பயின்று வந்தார்; தம் ஆசிரியருக்கு இசையில் விருப்பம் இல்லை என்று உணர்ந்ததும் அப்பயிற்சியை விட்டுவிட்டார். தமிழுக்கு அதனால் நஷ்டம் இல்லை என்பது வேறு விஷயம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களைப் போன்றவரின் வெறும் ரசனைக்குறைவே ஒரு மாணவனுடைய வாழ்வில் ஒரு கலையின் கதவை மூடிவிடும் என்றால், ஆசிரியருடைய அருள் மறைந்து நின்று வேலை செய்வதுபோலவே அவருடைய வெறுப்பும் மறைந்து நின்று வேலை செய்கிறது. தாம் சொன்ன பாடத்தை ஆசிரியர் பரீட்சை வைத்துச் சோதிக்கலாம். சொல்லாமலே தம்மிடமிருந்து பிள்ளைகள் கற்றுக்கொண்டதைச் சோதிப்பதற்கு இன்னும் ஒரு பரீட்சை ஏற்படவில்லை.