துணிவும் வீதியறமும்

மனிதப் பண்புகளுள் துணிவு மிகப் பழங்காலந்தொட்டே போற்றப்பட்டு வருவது. போர்க்களத்தையும் கடற்பயணத்தையும் நிலைக்களனாகக் கொண்டே பண்டைச் சமுதாயங்கள் அதனை ஆராய்ந்தன. இன்றைய மனிதனுக்குத் துணிவு வேண்டப்படும் இடம் பெரும்பாலும் அவன் வீட்டு வாயிலுக்கு அப்பாலுள்ள வீதியே ஆகும். மோட்டார் வண்டிகள் மலிந்த நகரத்திலே துவிச்சக்கரவண்டியிற் செல்பவர் நாள்தோறும் தம் உடலையே பணயமாக வைத்துத் தொழிலுக்கும் கல்விக்கும் சென்று வருகின்றார். அவர் அச்சமின்றிச் செல்லவேண்டும் என அறிவுரை கூறுதல் எளிது. அந்த அச்சமின்மை அவரிடம் எதிர்பார்க்கப்படவேண்டிய பண்பா, அன்றி ஏனையோர் அவருக்கு வழங்கக் கடமைப்பட்ட உரிமையா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவைக் கண்டிப் பிரதேசத்து வீதியொன்றை முன்வைத்து நோக்குதல் பயனுடைத்து. கண்டியையும் மஹியங்கனையையும் இணைக்கும் ஏ 26 பெருவீதியிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டி அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து கிழக்கே செல்லும் வீதி உடுதும்பரவைக் கடந்து, பதினெட்டு வளைவு எனப் பெயர்பெற்ற செங்குத்தான இறக்கத்தின் வழியே தாழ்நிலத்தை அடைகின்றது. மேற்கே செல்லும் வீதி மெதமகாநுவர, தெல்தெனிய, திகண, குண்டசாலை, தென்னக்கும்புர ஆகிய இடங்களினூடாகக் கண்டி மாநகரிற் புகுகின்றது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குத் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போமாயின், ஒரே பயணத்தில் இருவகை ஆபத்துக்களை அவர் எதிர்கொள்வதைக் காணலாம். முன்னது மலை தரும் ஆபத்து. பின்னது மனிதர் தரும் ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே வீதிப் பாதுகாப்புப் பற்றிய நமது சிந்தனை பெரிதும் குழம்பி நிற்கின்றது.

மலை தரும் ஆபத்து வெளிப்படையானது. மூடுபனி பார்வையை மறைக்கும். மழைநீர் வீதியை வழுக்கச் செய்யும். இறக்கம் வண்டியின் வேகத்தை ஓட்டுபவர் அறியாமலே பெருக்கும். இதற்குரிய மருந்து பயிற்சியும் நிதானமுமே. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கை இறுக்குபவர் சறுக்கி வீழ்வர். வளைவை அணுகும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்பவர் பாதுகாப்பாகத் திரும்புவர். முன், பின் பிரேக்குகளை ஒருங்கே அளவாகப் பிரயோகித்தலும், ஈரக் காலத்தில் அவை பிடிப்பதற்குக் கூடிய தூரம் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுதலும் அவசியம். மலை எவரிடத்தும் பகைமையோ இரக்கமோ காட்டுவதில்லை. அதன் இயல்பை அறிந்து அதற்கேற்ப ஒழுகுபவரை அது பெரும்பாலும் ஏமாற்றுவதுமில்லை.

இத்தகைய சூழலிலே அச்சம் இழிவானதொன்றன்று. அஞ்சத்தக்கவற்றைக் கண்டு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்துப் பேசுகின்றார் என்பது கருதத்தக்கது. கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டிலும் கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்ட நிலையையே துணிவெனக் கொண்டார். எனவே பனி மூடிய வளைவில் இறங்கி வண்டியை உருட்டிச் செல்பவர் கோழையல்லர். அங்கே விரைந்து பாய்பவர் வீரருமல்லர். மலைவீதியைப் பொறுத்தவரையில், துணிவு என்பது அறிவால் அளவுபடுத்தப்பட்ட அச்சம் எனக் கூறுதல் தவறாகாது.

கண்டி நகரை நெருங்கியதும் ஆபத்தின் தன்மை மாறிவிடுகின்றது. கொழும்பிலிருந்து வரும் ஏ 1 வீதியும், யாழ்ப்பாணத்தை நோக்கிச் செல்லும் ஏ 9 வீதியும், மஹியங்கனை வீதியும் மலைகளால் சூழப்பட்ட ஒரே சிறு பள்ளத்தாக்கில் வந்து கூடுகின்றன. பஸ்வண்டிகளும் லொறிகளும் முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றையொன்று நெருக்கும் இவ்விடத்திலே, துவிச்சக்கரவண்டி ஓட்டுபவர் கற்கவேண்டிய கலையும் வேறாகின்றது. வடிகானின் விளிம்பை ஒட்டி ஒடுங்கிச் செல்பவர் தம்மைப் பாதுகாத்துக்கொள்வதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் இடறுவதற்கும் சாரதிகளின் கண்ணிற் படாது போவதற்கும் வழிசெய்கிறார். ஓரத்திலிருந்து சற்று விலகி நேர்கோட்டிற் செல்லுதல், நிறுத்தப்பட்ட வாகனங்களின் கதவு திடீரெனத் திறப்பினும் தாக்காத தூரத்தைப் பேணுதல், திரும்புமுன் பின்னே நோக்கிக் கைச்சைகை காட்டுதல், இடப்புறம் திரும்பக்கூடிய லொறிக்கும் நடைபாதைக்கும் இடையே நுழையாதிருத்தல், இருளில் விளக்கின்றிச் செல்லாதிருத்தல் ஆகியன அக்கலையின் அடிப்படை விதிகளாம். இவற்றின் உட்பொருள் ஒன்றே: தாம் அடுத்துச் செய்யப்போவதைப் பிறர் முன்கூட்டியே உணரும்வண்ணம் ஒழுகுதல். ஆகவே நகர வீதியில் நம்பிக்கையோடு செல்லுதல் என்பது பிறருடன் நிகழ்த்தும் ஒருவகை உரையாடலாகும்.

உரையாடல் எனின் அதற்கு இரு தரப்பினர் வேண்டும். ஒருவர் எத்துணைத் தெளிவாகச் சைகை காட்டினும், பின்னே வருபவர் அதனைப் பொருட்படுத்தாவிடின் அவரது திறமையால் யாது பயன்? ஓட்டுபவரோடு சேர்த்து 80 கிலோகிராம் நிறையுள்ள துவிச்சக்கரவண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகவும், 10,000 கிலோகிராம் நிறையுள்ள பஸ்வண்டி மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகவும் கொள்வோம். நிறையில் 125 மடங்கு. வேகத்தில் மூன்று மடங்கு. இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், பஸ்வண்டி தாங்கிவரும் சக்தி 1,125 மடங்காகின்றது. இருவரும் ஒரே அளவு கவனக்குறைவு உடையவராயினும், விளையும் துன்பத்தில் இருவரும் ஒரே அளவு பங்கு பெறுவதில்லை. ஒருவரின் தவறு வாகனத்திற் கீறலாகவும், மற்றவரின் தவறு உயிரிழப்பாகவும் முடிகின்றது.

இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே வீதியறம் பிறக்கின்றது. தீங்கு செய்யும் ஆற்றல் எவரிடம் மிகுதியோ அவரிடமே எச்சரிக்கைக் கடமையும் மிகுதியாதல் வேண்டும். வாள் ஏந்தியவன் கூட்டத்திடையே நடக்கும்போது, ஏனையோரை விலகி நிற்குமாறு பணிப்பது மட்டும் அவன் கடமையாகாது. வாளை உறையிலிடுவதே அவன் முதற்கடமை. நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வாகனத்தால் பாதசாரியோ துவிச்சக்கரவண்டியிற் செல்பவரோ பாதிக்கப்படும்போது இழப்பீட்டுப் பொறுப்பைப் பெரும்பாலும் வாகனத் தரப்பின்மீதே சுமத்துகின்றது. பிரித்தானியாவும் 2022 ஜனவரியில் தன் வீதி ஒழுக்கக் கோவையைத் திருத்தி, கூடிய தீங்கு விளைவிக்க வல்லோர்க்கே கூடிய பொறுப்பு என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது.

நெதர்லாந்து இந்நிலையை எளிதில் எய்தவில்லை. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். பிள்ளைகளுக்கு வீதியைக் கண்டு அஞ்சக் கற்பித்தால் போதும் என்று பெற்றோர் அமைதியடையவில்லை. வீதியையே மாற்றுமாறு கேட்டுக் கிளர்ந்தனர். அந்நாட்டின் இன்றைய துவிச்சக்கரவண்டிப் பாதைகளுக்குப் பின்னே அக்கிளர்ச்சியின் பங்கு பெரிது.

ஈழத்து அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1990களின் முற்பகுதியில் எரிபொருள் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கரவண்டியே வாழ்வின் ஆதாரமாயிற்று. நோயாளரும் விறகும் நெல்மூட்டையும் அதன்மேலேயே சென்றன. வானிலிருந்து வீழும் குண்டுக்கு அஞ்சிய மக்கள், பின்னே வரும் மோட்டார் வண்டிக்கு அஞ்சவேண்டிய தேவை அக்காலத்தில் அருகியிருந்தது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது, முன்னர் வீதியில் இறங்கத் தயங்கிய பலர் கொழும்பிலும் பிற நகரங்களிலும் துவிச்சக்கரவண்டியில் ஏறினர். அம்மாந்தர் ஒரே இரவில் வீரராகிவிடவில்லை. அச்சத்துக்குரிய காரணம் குறைந்தது, ஆதலின் அச்சமும் குறைந்தது. பஞ்சமும் போரும் தற்செயலாக வழங்கிய ஒன்றை, நல்லாட்சியும் நற்பண்பும் விரும்பி வழங்க முடியாதிருப்பது நாணத்தக்கதன்றோ?

நம்பிக்கை கூட்டத்தாற் பெருகுவது என்பதற்குத் தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டம் சான்றாகும். 1990களின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தறிவோடு துவிச்சக்கரவண்டி ஓட்டவும் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் கற்றனர். தனியொருத்தி ஓட்டியபோது ஏளனத்துக்குரியதாக இருந்த செயல், பலர் ஓட்டியபோது இயல்பான காட்சியாயிற்று. துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் தொகை பெருகும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் உரிய ஆபத்துக் குறைகின்றது என ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வும் காட்டிற்று. அடிக்கடி காண்பவரையே சாரதியின் கண் எதிர்பார்க்கும் என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

இக்கருத்துக்கு இரு மறுப்புக்கள் எழலாம். துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் விதிகளை மீறுகின்றனர் என்பது முதலாவது. அது மெய்யே. எதிர்த்திசையிலும் விளக்கின்றியும் செல்பவர் தம் பங்கிற்குரிய உரையாடலை முறித்துவிடுகின்றனர். பாதசாரிக்கு முன்னே அவரும் வலியவரே என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் மெலியவர் ஒருவரின் தவறு, வலியவர் அனைவரது கடமையையும் நீக்கிவிடாது. மலைக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட கண்டி வீதிகளிலே தனிப்பாதை அமைக்க இடமேது என்பது இரண்டாவது மறுப்பு. வீதி இயற்கை தந்த பொருளன்று என்பதே இதற்கு விடை. 1985இல் திறக்கப்பட்ட விக்ரோறியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரையே நீரில் ஆழ்த்திப் புதிய நகரை மேட்டுநிலத்தில் எழுப்பிய நாடு இது. அகலப்படுத்த இயலாத வீதியிலும் வேகத்தைக் குறைத்தல் இயலும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை 30 ஆக்கினால், வாகனம் சுமந்துவரும் சக்தி நான்கில் ஒன்றாகின்றது. அதற்கு ஓர் அங்குல நிலமும் வேண்டியதில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, திறமை ஓட்டுபவரின் கடமை. அவர் அத்திறமையை நம்பிச் செல்லத்தக்க சூழல் ஏனையோரின் கடமை எனக் கொள்ளலாம். மலையின் முன்னே துணிவை வேண்டுதல் தகும். மலை திருந்தும் இயல்பினதன்று. சக மனிதனின் முன்னே, பாடசாலைக்குச் செல்லும் சிறுமியிடமும் சந்தைக்குச் செல்லும் முதியவரிடமும் அதே துணிவை வேண்டுதல் தகாது, மனிதன் திருந்தக்கூடியவன். துணிவுள்ள இளைஞர் சிலர் செல்வதைக் கொண்டு ஒரு வீதியின் தரத்தை அளவிடல் பொருந்தாது. துணிவில்லாதவரும் அங்கே செல்ல முடிகின்றதா என்பதே அளவுகோலாதல் வேண்டும். வீரம் தேவைப்படாத வீதிகளை ஆக்குவதே ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யக்கூடிய அறமாகும்.