விண்ணப்பித்தவர் செய்த குற்றம் என்ன?

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் சில நாள் போய்வர விரும்புபவர் வங்கிக் கணக்கு விவரம், தங்குமிடச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்காது. விசா தேவைப்படும் எல்லா நாட்டவருக்கும் இது பொது. ஆனால் 2022 டிசம்பரில் காம்பியா நாட்டவருக்கு மட்டும் கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 120 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 15 நாளில் முடிவு தர வேண்டும் என்ற விதியை அவர்களுக்கு நிறுத்திவைத்திருந்தார்கள். பலமுறை போய்வருவதற்கான விசாவும் நின்றது.

விண்ணப்பித்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஐரோப்பாவில் தங்க அனுமதி இல்லாத தன் குடிமக்களைத் திரும்ப ஏற்பதில் காம்பிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதுதான் காரணம். 2020 முதல் நடைமுறையில் உள்ள விசா விதி ஒன்று இதற்கு இடம் தருகிறது.

ஐரோப்பாவின் தரப்பிலும் நியாயம் உண்டு. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது நாட்டின் உரிமை. அடுத்த நாட்டுக்குச் சுற்றுலா போவது யாருக்கும் பிறப்புரிமை ஆகாது. தன் குடிமக்களைத் திரும்ப ஏற்பது ஓர் அரசின் கடமையும்கூட. காம்பியாவின் சங்கடமும் பொய்யல்ல. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்தைப் பெரிதும் நம்பி வாழும் சின்னஞ்சிறு நாடு அது.

இந்த இரண்டு அரசுகளின் வழக்கில் தண்டம் கட்டுபவர் யார் என்பதே கேள்வி. உயிரைப் பணயம் வைத்துப் படகேறுகிறவர் விசாக் கட்டணம் கட்டுவதில்லை. ஆவணங்களைத் திரட்டி, முறைப்படி தூதரகத்துக்குப் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவர்தான் கட்டுகிறார். அண்ணன் வீட்டுத் திருமணத்துக்கோ ஆய்வரங்குக்கோ போக நினைக்கும் அவருக்கு, முடிவு 45 நாள் வரை தள்ளிப்போகலாம் என்றால் பயணமே இல்லை என்று பொருள். அவர் தன் அரசின் கொள்கையை வகுத்தவர் அல்லர். அதை மாற்றும் வலிமையும் அவருக்கு இல்லை. ஒரு விண்ணப்பதாரரைச் சந்தேகிக்கலாம், மறுக்கலாம்; அதற்குக் காரணம் அவரிடமே இருக்க வேண்டும். பிறந்த நாட்டின் பெயரைக் காரணமாக்குவது அறமாகாது.

பொருளாதாரத் தடைகளும் அப்பாவிகளைத்தானே வருத்துகின்றன என்று கேட்கலாம். வருத்துகின்றன. ஆனால் அங்கே குடிகளின் துன்பம் பக்க விளைவு என்றாவது சொல்லிக்கொள்கிறார்கள். இங்கே அந்தத் துன்பமே கருவி. குடிகள் நொந்தால் அரசு பணியும் என்பதே கணக்கு.

அதே நடவடிக்கையில் ஏற்கத்தக்க பகுதி ஒன்று இருந்தது. தூதரக, அரசுப் பணிக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கான கட்டண விலக்கையும் நிறுத்தினார்கள். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களைத் தொடும் நெருக்கடி அது. அந்த அளவோடு நின்றிருக்கலாம். 2024-இல் காம்பியருக்கான கூடுதல் கட்டணத்தை நீக்கினார்கள். அதே ஆண்டு எத்தியோப்பியர்களின் விசாவுக்குப் புதிய கட்டுப்பாடுகள் வந்தன. அங்கும் காரணம் அவர்களுடைய அரசுதான்.